நகத்துக்கு என்று நீ அனுப்பிய மிட்டாய்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். அப்பா நலமில்லை. நீ நலமாக இருக்க வேண்டும், அதிலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரையிலாவது நல்ல தெம்போடு இருக்க வேண்டும், ஏனென்றால் இதில் திட்டுதான் அதிகம். இதைப் போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். மூன்று முறை சொல்லப் பார்த்தேன். முதல் முறை மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னாய். அடுத்த முறை, "அம்மா, அது வெறும் வைட்டமின்மா, நீங்க சும்மா எதையும் பெரிசு பண்றீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். மூன்றாம் முறை எடுக்கவே இல்லை. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். காலமெல்லாம் ஒரு வகுப்பறை நிறையப் பிள்ளைகளைக் கத்தாமல் உட்காரவைத்தவள் நான், கோபம் வந்தால் என் குரல் ஏறாது, தாழும் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை மிகத் தாழ்ந்த குரலில் படித்துக்கொள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் உன்னிடம் பாதிதான் இருக்கிறது, அப்பாவிடம் மீதிப் பாதி இருக்கிறது, இரண்டையும் சேர்த்துத் தைத்தவள் நான் ஒருத்திதான். கண்ணாடிக் கடையில் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று நீ சின்ன வயதில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய், ஆனால் அவர் கையைப் பார்த்திருக்க மாட்டாய். லென்ஸைத் தேய்க்கும் மெஷினில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், அதில் கை நனையும். எடுத்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவுவார். பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார். உடனே காயும். அடுத்த லென்ஸுக்கு மறுபடி தண்ணீர், மறுபடி சோப்பு, மறுபடி ஸ்பிரிட். காலையில் கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரை இதுதான். அவருடைய நகம் எல்லாம் நுனியில் ஏடு ஏடாகப் பிரிந்து, ஓரம் விண்டு, துடைக்கிற துணியில் மாட்டி மாட்டி இழுக்கும். எத்தனையோ வருஷமாகக் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது, போன வருஷம் அதிகமாகிவிட்டது. அவர் வேலையில் கை எங்கே போகும் என்று யோசித்துப் பார். அடுத்தவர் முகத்துக்கு. ஃப்ரேமை மாட்டிவிட்டு, மூக்கில் அழுத்துகிறதா, காதுக்குப் பின்னால் வளைவு சரியா என்று விரலால் தொட்டுத்தான் பார்ப்பார். ஒரு நாள் கண்ணாடி வாங்க வந்த ஒரு பெண் முகத்தைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டு, "உங்க கைல என்னங்க, ஒட்டிக்குமா" என்று கேட்டிருக்கிறாள். கேட்டதில் தப்பில்லை, அவள் பயம் அவளுக்கு. இவர், "கண்ணாடித் தூள் பட்டதும்மா, வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஃப்ரேமை அவள் கையிலேயே கொடுத்து நீங்களே மாட்டிக்கோங்க என்றிருக்கிறார். அன்றோடு யார் முகத்தையும் தொடுவதை விட்டுவிட்டார். எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நம் தெருவில் பாதிப் பேர் திடீரென்று கண்ணாடியைக் கோணலாகப் போட்டுக்கொண்டு நடந்தார்கள் என்பதுதான். என்னங்க இது, ஊருக்கே ஒரு காது கீழே இறங்கிடுச்சா என்று நான் கேலிகூடப் பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இதை அவர் பக்கத்தில் படுத்திருக்கிற என்னிடம் சொல்லவில்லை, கடல் தாண்டி இருக்கிற உன்னிடம் சொன்னார். சரி, அதுகூடப் பரவாயில்லை, மகளிடம் சொல்ல அப்பாவுக்கு உரிமை இல்லையா. நகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார், நீ பார்த்தாய், பார்த்த கையோடு ஒரு பெரிய புட்டி மிட்டாய் வாங்கி அனுப்பினாய். முடிக்கும் தோலுக்கும் நகத்துக்கும் என்று போட்ட, மென்று தின்கிற, பழ வாசனை அடிக்கிற வைட்டமின் மிட்டாய். "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா, ஒரு மணி நேரம் பாடம் எடுப்பாங்க" என்று நீ சொன்னதாக அவரே சொன்னார். ஆமாம், எடுப்பேன். அன்றைக்கே எடுக்க விட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். அந்தப் புட்டியில் இடுப்புவரை முடி தொங்க, சிவப்புச் சாயம் பூசிய நகத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஒருத்தி சிரிக்கிறாள். அது கடைக்கு வந்த அன்றே உன் அப்பா பிளேடை எடுத்து அவளைச் சுரண்டி எடுத்துவிட்டார். பொம்பளைங்க சாப்பிடறதை இந்த ஆள் சாப்பிடறாரே என்று கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்று வெட்கம். வெட்கப்படுகிற மனுஷன் அதை எங்கே வெளியில் சொல்லப் போகிறார். மெஷினுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நகம் சரியாகவில்லை என்றதும் இரண்டு, இரண்டு. நீதான் "டபுளா எடுங்கப்பா, ஒண்ணும் ஆகாது" என்றாயாம். வேலையில் நீ தணிக்கை பார்க்கிறவள். ஒரு பேனா வாங்கினதற்குக்கூட ரசீது எங்கே, யார் கையெழுத்து என்று கேட்டு நாலு பேர் தூக்கத்தைக் கெடுக்கிறவள். அப்பா வாயில் போடுகிறதுக்கு ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, இவர் ஏற்கெனவே வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று உனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவருக்குத் தைராய்டு குறைவு, வருஷக்கணக்காகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அது உனக்கும் தெரியும். வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். ரிப்போர்ட் வந்தது, தைராய்டு எகிறிக்கிடக்கிறது என்று. டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். நாங்களும் சந்தோஷமாகத்தான் வந்தோம், மாத்திரை குறைந்தால் நல்லதுதானே என்று. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. வெயில் காலத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முகம் உப்பியது. குரல் தொண்டையில் கம்பளி சுற்றியதுபோல் கரகரத்தது. படி ஏறுகிறபோது நடுவில் நின்று, எதற்காக ஏறினோம் என்று யோசிப்பதுபோல நிற்பார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். நகம் இன்னும் மோசமாகி, பெருவிரல் நகம் நடுவில் நீளவாக்கில் கீறிவிட்டது. நகம் மோசமாக ஆகத்தான் இவர் மிட்டாயை ஒன்றிலிருந்து இரண்டாகக் கூட்டினார். நீ இரண்டாவது புட்டியும் அனுப்பினாய்.

பிறகு அந்த பஸ் டிரைவர். நம் நிறுத்தத்தில் வண்டியைத் திருப்புவாரே, உனக்கு "என்ன ஆபீசர்" என்று கை காட்டுவாரே, அவர்தான். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனவர் கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்தார். "அண்ணே, உங்க கடைப் படி எனக்கு ரெண்டா தெரியுது, எந்தப் படில கால் வைக்கறது" என்று சிரித்தார். அப்பா வாங்கிப் பார்த்தார். வலது கண்ணுக்கான பவர் இடது பக்கத்திலும், இடது பக்கத்துக்கானது வலதிலும் இருந்தது. அந்த மனுஷன் வண்டி எடுப்பதற்கு முன்னால் வந்தாரே என்று நான் இன்னும் நினைத்து நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னவோ, "தூக்கம் போல அண்ணே, ஒரு டீ குடிங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அப்பா டீ குடிக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தலைவலி என்றார். அன்றைக்கும் என்னிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொன்னார். எனக்கு மூளை மழுங்குது பாப்பா, இனிமே அடுத்தவங்க கண்ணோட விளையாடக் கூடாது, கடையை மூடிடலாம்னு இருக்கேன் என்று. நீ என்ன சொன்னாய். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவர் அதை எனக்கு மனப்பாடமாக ஒப்பித்தார். "ஆமாப்பா, எவ்வளவு நாள்தான் உழைப்பீங்க, மூடிட்டு நிம்மதியா இருங்க, வயசாச்சுல்ல." வயசாச்சுல்ல. இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் பேனாவை எடுத்தேன், மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டது.

கடையை மூடுவது என்று அப்பாவும் மகளும் முடிவு செய்துவிட்டது எனக்கு எப்படித் தெரியவந்தது தெரியுமா. வாசலில் மணி அடித்தது. முன்பின் தெரியாத ஓர் ஆள், கையில் அளவு நாடாவோடு. "சார் லென்ஸ் மெஷினை விக்கறாராமே, பார்க்கலாமா" என்றார். என் வீட்டுச் செய்தியை எனக்கு ஓர் அந்நியர் வந்து சொல்கிறார், அளவெடுக்க நாடாவும் கொண்டுவருகிறார். நான் சொன்னேன், மெஷின் நல்லா ஓடுதுங்க, மெஷின்காரர்தான் ரிப்பேர்ல இருக்கார், அவரைச் சரி பண்ணிட்டுச் சொல்லி அனுப்பறேன் என்று. அவர் சிரித்துக்கொண்டே, மாசக் கடைசியில வர்றேங்க என்று போனார். நான் சிரிக்கவில்லை. அன்று மாலையே அப்பாவை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன்.

மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்ன டாக்டரம்மா, மறுநாள் வந்த ரிப்போர்ட்டைப் பார்க்கிறார், இவரைப் பார்க்கிறார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்க்கிறார். "என்ன சார் இது, ரிப்போர்ட் ஓட்டப்பந்தயத்துல ஓடுது, நீங்க நாற்காலிலேர்ந்து எழுந்திருக்கவே யோசிக்கறீங்க" என்றார். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றார். இல்லை என்றார் இவர். டானிக், பவுடர், வைத்தியர் கொடுத்தது, விளம்பரத்தில் பார்த்தது. இல்லை, இல்லை, இல்லை. பொய் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாரே, துடைத்தார். பழைய சீட்டைக் கொடுங்க என்று டாக்டரம்மா கை நீட்ட, சட்டைப் பையிலிருந்து இவர் அதை எடுக்க, உருகிப்போன ஒரு சிவப்பு மிட்டாய் அதன்மேல் முத்திரை குத்தியதுபோல ஒட்டிக்கொண்டு வந்தது. "இது என்ன" என்றார். "மிட்டாய்." "யார் கொடுத்தது?" "பாப்பா அனுப்பினது." "பேத்தியா?" "பொண்ணு." "உங்க பொண்ணுக்கு என்ன வயசு சார்?" இவர் சொன்னார். அந்த வயசுப் பெண் அப்பாவுக்கு மிட்டாயா அனுப்புவாள் என்று டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். எனக்கு அங்கே சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, நகத்துக்கு என்று முணுமுணுத்தார். நான் கடைக்கு ஓடி, முகம் சுரண்டிய அந்தப் புட்டியைக் கண்டுபிடித்து, இவருடைய பூதக்கண்ணாடியை வைத்தே பொடி எழுத்தைப் படித்து டாக்டரம்மாவுக்குப் போனில் சொன்னேன். பயோட்டின். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியதைப்போல நூறு மடங்குக்கும் மேலே ஒரே மிட்டாயில். இவர் தின்றது ஒரு நாளைக்கு நாலு.

இனிமேல்தான் நீ பயந்த பாடம். அந்த வைட்டமின் அப்பா உடம்பை ஒன்றும் செய்யவில்லை. அது குழப்பியது ரத்தத்தை அளக்கிற முறையை. கடைக்காரர் காய்கறி நிறுக்கும்போது தராசுத் தட்டில் யாரோ கட்டைவிரலை வைத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள். காய் கூடவில்லை, எடை கூடுகிறது. இவர் ரத்தத்தில் தைராய்டு ஏறவில்லை, ஏறியதாக ரிப்போர்ட் சொல்லியது. அதை நம்பி டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்தார். மாத்திரை குறைந்ததால் நிஜமாகவே தைராய்டு இறங்கியது. தைராய்டு இறங்கினால் என்ன ஆகும். குளிரும், தூக்கம் வரும், முகம் உப்பும், மறதி வரும், நகம் உடையும். நகம் உடைந்ததால் இன்னும் இரண்டு மிட்டாய். செக்கு மாடு மாதிரி ஒரே வட்டம். அந்த வட்டத்தில் சுற்றித்தான் உன் அப்பாவுக்கு மூளை மழுங்கிவிட்டது, வயதாகிவிட்டது, கடையை மூட வேண்டும், மெஷினை விற்க வேண்டும் என்றெல்லாம் ஆனது. இது டாக்டரம்மாவின் சந்தேகம்தான், உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. மிட்டாயை ஒரு வாரம் அடியோடு நிறுத்த வேண்டும், பிறகு மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் குருட்டாம்போக்கில் மாத்திரையை ஏற்ற மாட்டேன், இந்த வயதில் இதயம் படபடத்துப்போகும் என்கிறார். அவர் சொல்வது நியாயம்.

என்னிடம் முதலிலேயே கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதையும் கேட்டுக்கொள். நகம் ஒரே கட்டை இல்லை. மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியது. மழையில் நனைந்த பாடப் புத்தகத்தை வெயிலில் காயவைத்து, மறுபடி நனைத்து, மறுபடி காயவைத்தால் பக்கம் பக்கமாக எழும்பிக்கொண்டு நிற்குமே, அதுதான் அப்பாவின் நகம். தண்ணீர் ஏறும்போது ஊதுகிறது, காயும்போது சுருங்குகிறது, ஸ்பிரிட் பட்டால் இருக்கிற கொஞ்ச எண்ணெய்ப் பசையும் போகிறது. அதற்கு வாயில் ஏன் போட வேண்டும், கையில் போட வேண்டும். தண்ணீர் வேலைக்கு ரப்பர் உறை, அதற்குள்ளே பருத்தி உறை, வியர்வையிலும் நகம் ஊறும். கை கழுவித் துடைத்த ஒவ்வொரு தடவையும், படுக்கப்போகும்போதும், நகத்திலும் அதன் அடிச் சதையிலும் கொஞ்சம் எண்ணெயோ வாசலினோ. நகத்தைக் கட்டையாக வெட்ட வேண்டும், குளித்து முடித்து அது மெத்தென்று இருக்கும்போது வெட்ட வேண்டும், காய்ந்திருக்கும்போது வெட்டினால் விண்டுபோகும். அரத்தால் ராவினால் ஒரே திசையில் ராவ வேண்டும், ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் கூடாது. ஸ்க்ரூ டிரைவர் எட்டாத இடத்தில் நகத்தை வைத்து நெம்புவாரே, அது கூடவே கூடாது. இவ்வளவும் செய்து சரியாகவில்லை என்றால், அதோடு அசதி, முடி கொட்டுவது, குளிர் தாங்காதது இருந்தால், தைராய்டா இரும்புச் சத்தா என்று டாக்டரைக் கேட்க வேண்டும், புட்டியில் சிரிக்கிறவளைக் கேட்கக் கூடாது. பொறுமையும் வேண்டும். இன்றைக்கு நுனியில் தெரிகிற நகம் அரை வருஷத்துக்கு முன்னால் அடியில் முளைத்தது, பழைய செய்தித்தாளைப் படிக்கிற மாதிரி. இன்று செய்கிற நல்லது நுனிக்கு வந்து சேர மாதக்கணக்காகும். ஒரே வாரத்தில் மாற்றம் என்று சொல்கிறவன் நகத்தைப் பற்றி எதுவும் தெரியாதவன். உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போன தடவை வீடியோவில் ஒட்டு நகத்தைப் பேசிக்கொண்டே பிய்த்துப் பிய்த்துப் போட்டாய், அதோடு உன் சொந்த நகத்தின் மேல் ஏடும் கிளம்பி வந்துவிடும். நீயும் அதே மிட்டாய் தின்கிறாயாம். தின்பதானால் தின், ஆனால் எந்த ரத்தப் பரிசோதனைக்குப் போனாலும் அதை முதலில் சொல்.

இவ்வளவு தெரிந்த பிறகு இனி என்ன பிரச்சினை, மிட்டாயை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டியதுதானே என்று உனக்குத் தோன்றும். அங்கேதான் நான் தோற்று நிற்கிறேன். உன் அப்பா நிறுத்த மாட்டேன் என்கிறார். முன்பு மெஷினுக்குப் பின்னால் ஒளித்துத் தின்றவர் இப்போது கூடத்தில் உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வாயில் போட்டு மெல்லுகிறார். "என் பொண்ணு எனக்கு விஷமா அனுப்பியிருக்கா" என்கிறார். விஷம் என்று யாருங்க சொன்னது, ஒரு வாரம் நிறுத்துங்க என்றுதானே சொல்கிறேன் என்றால், "எல்லாத்துலயும் தப்புக் கண்டுபிடிக்கறதே உன் பொழைப்பு டீச்சர், சிவப்பு மையை எடுத்து உள்ள வை" என்கிறார். ரத்தம் கொடுக்க வரமாட்டாராம். உன் அக்கா ஊரிலிருந்து வந்து ஒரு நாள் முழுவதும் கெஞ்சிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுல ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்திதான் பேச முடியும், அது தங்கச்சி, நான் இல்ல என்று கோபித்துக்கொண்டு போனாள். நான் பாத்திரம் கழுவும்போது வேண்டுமென்றே சத்தம் போட்டேன், நாலு நாள் பேசாமல் இருந்தேன், எதுவும் பலிக்கவில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன். உடம்பு மந்தமானால் மனுஷனுக்கு முரண்டும் வரும் என்று நினைத்தேன்.

முந்தாநாள் கடையில் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து, விற்கப்போகிற மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், கீறின பெருவிரலைத் துணியில் மாட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அவராகத்தான் சொன்னார். "ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட் மாறி வந்துடுச்சுன்னு வை, அப்புறம் என்ன ஆகும்? பாப்பா அனுப்பினதாலதான் இவ்வளவும் ஆச்சுன்னு ஆயிடும். அவ அங்க தனியா இருக்கா. இது தெரிஞ்சா அவளுக்குத் தூக்கம் வராது. எனக்கு வயசாயிடுச்சுன்னே இருந்துட்டுப் போகட்டுமே, அதனால யாருக்கு என்ன நஷ்டம்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி துடைத்தார். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் நான் இதை ஊகிக்கவில்லை பார். அவர் உன்னை நம்பி மிட்டாய் தின்னவில்லை. ரிப்போர்ட் சரியாக வந்துவிடக் கூடாது என்பதற்காகத் தின்கிறார்.

என் கோபம் உனக்கு இப்போது விளங்குகிறதா. நீ மிட்டாய் அனுப்பியதற்காக மட்டும் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். தெரியாமல் செய்தாய், பாசத்தில் செய்தாய், தெரியாமல் செய்கிறதை நான் என் பிள்ளைகளிடம் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அதற்கெல்லாம் கோபித்தால் டீச்சராக இருக்க முடியாது. நான் சொன்ன பிறகும் வெறும் வைட்டமின் என்று சொல்லிப் போனை வைத்தாயே, அதற்குத்தான். நீ அந்தப் பக்கம் போனை வைத்த சத்தம் இவருக்குக் கேட்டது. பாப்பாவுக்குக் கோபம் வந்துடுச்சு பார் என்று என்னைத்தான் குற்றவாளி மாதிரி பார்த்தார். உனக்குத் தூக்கம் போகக் கூடாதாம். நான் சொல்கிறேன், ஒரு ராத்திரி போகட்டும். ஒரே ஒரு ராத்திரி. நீ பெரிய பெண், தாங்குவாய். அவர் தன் கடையையும் கையையும் புத்தியையும் கொடுத்து வாங்கிக் கொடுக்கிற தூக்கம் உனக்கு வேண்டாம்.

ஆகவே நீ அவருக்குப் போன் பண்ணு. எனக்கு வேண்டாம், அவருக்கு. அவரிடம் வைட்டமின் பாடம் எடுக்காதே, அதை நான் எடுத்தாயிற்று. அம்மா சொன்னாங்க, அதனால நிறுத்துங்க என்று என் தலையில் போடாதே. "தப்பு என்னோடதுப்பா, கேட்காம அனுப்பிட்டேன், நிறுத்திட்டு ரத்தம் கொடுங்க, ரிப்போர்ட் என்ன வந்தாலும் எனக்குத் தெரியணும்" என்று சொல். அதில் ஒரு சொல்லைக்கூட விடாதே. உடனே, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல பாப்பா, விடு, ஆபீஸ்ல வேலை எப்படிப் போகுது" என்று பேச்சை மாற்றுவார். மாற விடாதே. பரவாயில்லை என்று நூறு தடவை சொல்வார், நீ நூறாவது தடவையும் பரவாயில்லைன்னு விட முடியாதுப்பா என்று சொல். அழுகை வந்தால் அழு, அவரும் அழட்டும், ஒன்றும் ஆகாது. வயசாச்சுல்ல என்று சொன்னாயே, அந்தச் சொல்லையும் திரும்ப வாங்கிக்கொள். அவர் கிழவர் இல்லை. அதை அவருக்குச் சொல்ல இந்த உலகத்தில் உன் ஒருத்தியால்தான் முடியும், ஏனென்றால் அவர் கிழவராகத் துணிந்திருப்பதே உனக்காகத்தான்.

வேறு செய்தி எழுத மனசில்லை. மாடிக் குழாய் ஒழுகுகிறது, ஆள் வருகிறேன் வருகிறேன் என்கிறான். உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறேன். பாத்திரம் இப்போது நான் உறை மாட்டிக்கொண்டுதான் கழுவுகிறேன், அவருக்கும் இரண்டு ஜோடி வாங்கிக் கடையில் மாட்டியிருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் கண் விழித்து வேலை பார்க்காதே, கழுத்து வலிக்கு நான் சொன்ன பயிற்சியை விடாதே. எல்லா நலமும் பெற்று, நல்ல உடம்போடும் நேரான மனசோடும், உடையாத நகத்தோடும் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று உன்னை வாழ்த்துகிறேன், திட்டினது தனி, வாழ்த்து தனி, ஒன்றில் மற்றதைக் கழிக்காதே.

மறக்காமல் காலையில் கூப்பிடு. வீட்டு எண்ணுக்கு வேண்டாம், கடை எண்ணுக்கு. கடையைத் திறந்து விளக்கைப் போட்டுவிட்டு, முதல் ஆள் வரும்வரை அவர் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். மெஷின் வாங்க நாடாவோடு வந்தவர் மாசக் கடைசியில் வந்துவிடுவார்.

இப்போதைக்கு உன்னோடு பேசாத, ஆனால் எழுதுகிற,
உன் அம்மா